புத்தகம் முடியும் முன்னே எடுத்த படங்கள்

அக்டோபர் 11, 2025

வாளையாறு அண்ணன் கேட்டது இது: "ஹாரி பாட்டர் படங்கள்ல முதல் ரெண்டுதான் புத்தகம். மூணாவதுல இருந்து வந்த டைரக்டருங்க எல்லாரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு வெட்டிட்டாங்க. இல்லைன்னு யாராவது சொல்லுங்க பார்ப்போம்."

நான் சொல்கிறேன் அண்ணா. வெட்டினார்கள் என்பது உண்மைதான். ஆனால் டைரக்டர் மாறியதை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. இந்தப் படங்களை எடுக்க ஆரம்பித்தபோது, மந்திரப் பள்ளியில் படிக்கும் ஹாரி என்ற பையனைப் பற்றி ரௌலிங் எழுதிவந்த ஏழு புத்தகக் கதையே முடிந்திருக்கவில்லை. முதல் படம் 2001 நவம்பரில் வந்தது. அப்போது கடையில் இருந்தவை நாலு புத்தகங்கள். ஐந்தாவது 2003 ஜூனில் வந்தது, ஆறாவது 2005 ஜூலையில், ஏழாவது 2007 ஜூலை 21இல். ஐந்தாவது படம் தியேட்டருக்கு வந்து பத்து நாள் போல ஆன பிறகுதான் கடைசிப் புத்தகமே வெளியானது. ஆக, முதல் ஐந்து படங்களுக்குத் திரைக்கதை எழுதியவர்கள், எது பின்னால் பெரிதாக வரப்போகிறது, எது வெறும் அலங்காரம் என்று தெரியாமலேதான் கத்தரி வைத்தார்கள். அப்படி வெட்டிப்போட்டதற்கெல்லாம் கடைசி இரண்டு படங்கள் வட்டியும் முதலுமாகக் கட்டவேண்டி வந்தது.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் இந்தக் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். புத்தகத்தைக் கதையாகக் கேட்டுவிட்டு அப்புறம் படத்தை டிவியில் பார்க்கிற பிள்ளைகள் எங்கெல்லாம் முழிக்கிறார்களோ, அங்கெல்லாம் திரைக்கதையில் ஓட்டை இருக்கிறது.

அக்டோபர் 11, இரவு

ஒரு சின்னச் சேர்க்கை. எட்டுப் படங்களில் ஏழுக்குத் திரைக்கதை எழுதியவர் ஒருவர்தான், ஸ்டீவ் க்ளோவ்ஸ். ஐந்தாவது படத்தை மட்டும் மைக்கேல் கோல்டன்பர்க் எழுதினார். டைரக்டர்களோ நாலு பேர்: கிறிஸ் கொலம்பஸ், அல்ஃபோன்ஸோ குவாரோன், மைக் நியூவெல், அப்புறம் கடைசி நாலு படத்துக்கும் டேவிட் யேட்ஸ். டைரக்டர்தான் கதையை வெட்டினார் என்று சொல்வதற்கு முன்னால் இதையும் மனதில் வைத்துக்கொள்ளணும்.

அக்டோபர் 13

நீளத்தைப் பற்றி மூணாறு தம்பி கேட்டிருந்தான். இரண்டாவது புத்தகம் பிரிட்டன் பதிப்பில் 251 பக்கம், படம் 161 நிமிஷம். எட்டிலும் நீளமான படம் அதுதான். ஐந்தாவது புத்தகம் 766 பக்கம், படம் 138 நிமிஷம். பக்கத்துக்கு இத்தனை நொடி என்று கணக்குப் போடத் தேவையே இல்லை, பார்த்தாலே தெரிகிறது. முதல் இரண்டும் "புத்தகம் மாதிரியே" இருப்பதற்குக் கொலம்பஸின் பக்தி ஒரு காரணம். புத்தகம் சின்னது என்பது அதைவிடப் பெரிய காரணம். நாலாவது புத்தகம் 636 பக்கம். அதை ஒரே படத்தில் சுருக்கச் சொல்லியிருந்தால் கொலம்பஸும் வெட்டித்தான் ஆகணும்.

அந்த முதல் படத்திலேயே வெட்டு இருக்கிறது. பீவ்ஸ் என்ற குறும்புப் பேய் படத்தில் இல்லை. ரிக் மேயல் என்ற நடிகரை வைத்து எடுத்தே விட்டார்கள், எடிட்டிங்கில் தூக்கினார்கள். கடைசியில் ஸ்நேப் என்ற வாத்தியார் வைத்த பாட்டில் புதிரும் இல்லை. அந்த இடத்தில் மந்திரத்துக்கு வேலையே கிடையாது. ஹாரியின் தோழி ஹெர்மயனி ஒரு சீட்டைப் படித்து, யோசித்தே விடை கண்டுபிடிக்கிறாள். என் வகுப்பில் அந்தப் புதிரைப் போர்டில் எழுதிப்போட்டு ஒரு பீரியடு முழுக்க ஓட்டியிருக்கிறேன். படத்தில் அது இல்லை என்று தெரிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வந்த கோபம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அக்டோபர் 16

இப்போது மூன்றாவது படம். அண்ணன் "கெட்டுப்போனது இங்கேதான்" என்கிறார். எனக்கு எட்டில் இதுதான் பிடித்த படம். அதனால்தான் இதன் குறையைச் சொல்ல நான் தயங்கப்போவதில்லை.

முதலில் நல்லது. குவாரோன் வந்ததும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஊர் வந்துவிட்டது. முதல் இரண்டு படத்திலும் ஹாக்வர்ட்ஸ் பெரும்பாலும் ஒரு கட்டடம்தான், உள்ளே போய்விட்டால் வெளியே என்ன இருக்கிறது என்றே தெரியாது. இந்தப் படத்தில் பள்ளிக் காவலர் ஹேக்ரிட்டின் குடிசை சரிவில் தள்ளிப் போய்விட்டது. மேலேயிருந்து கீழே ஓடி வரணும், மழையில் வழுக்கணும். ஸ்காட்லாந்தின் க்ளென்கோ பகுதியில் போய் எடுத்தார்கள். பிள்ளைகள் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, டையைத் தளர்த்திக்கொண்டு, நிஜமான பதிமூன்று வயசுக்காரர்களாக நடமாடுகிறார்கள். அடிக்கிற மரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதை வைத்தே காலம் போவதைக் காட்டிவிடுகிறார். இதெல்லாம் எழுத்தில் இல்லாதது. ஆனால் எழுத்துக்கு விரோதமானது என்றும் சொல்ல முடியாது.

இப்போது குறை. அந்த மந்திர வரைபடத்தை எழுதிய நாலு பேர் யார் என்று படம் சொல்வதே இல்லை. மூனி, வார்ம்டெய்ல், பேட்ஃபுட், ப்ராங்ஸ் என்ற பேர்கள் வரைபடத்தின் மேல் வருகின்றன, அவ்வளவுதான். புத்தகத்தில் மூனி என்பவர் பள்ளி வாத்தியார் லூப்பின், வார்ம்டெய்ல் நண்பர்களைக் காட்டிக்கொடுத்த பெட்டிக்ரூ, பேட்ஃபுட் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ், ப்ராங்ஸ் என்பவர் ஹாரியின் அப்பா ஜேம்ஸ். ஓநாயாக மாறும் நண்பன் லூப்பினுக்குத் துணை இருக்கவேண்டுமென்றே மற்ற மூவரும் ரகசியமாக மிருகமாக மாறக் கற்றுக்கொண்டார்கள். அப்பா மாறியது கலைமானாக. ஏரிக்கரையில் ஹாரியின் பேட்ரோனஸ் (காவலுக்கு வரவழைக்கும் மந்திர உருவம்) கலைமானாக வருவதற்கு அர்த்தமே இதுதான். அப்பா செத்து எத்தனையோ வருஷம் கழித்து மகனுக்குள்ளிருந்து வெளியே வருகிறார். படத்தில் அது அழகான வெள்ளை மான், அதற்குமேல் ஒன்றுமில்லை.

இரண்டு வசனம் போதுமே இதைச் சொல்ல. லூப்பினை வைத்துச் சொல்ல இடமும் இருந்தது, கடைசியில் அவர் பெட்டி கட்டும் சீன் ஒன்று வருகிறது. அங்கே சொல்லாமல் விட்டதை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அக்டோபர் 17

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். ஐந்தாவது படத்தில் ஹாரி, ஸ்நேப்பைப் பார்த்து "பேட்ஃபுட்டைப் பிடித்துவிட்டான்" என்று குறிப்பாகக் கத்துகிறான். சங்கேதம் ஸ்நேப்புக்குப் புரிகிறது. பட ரசிகருக்கு எளிதில் புரியாது, பேட்ஃபுட் என்ற பேருக்கு முன்னால் சரியான விளக்கமே இல்லை. நான் சொன்ன கடன் இதுதான். 2004இல் மிச்சம் பிடித்த இரண்டு வசனத்தை 2007இல் தேடவேண்டியதாகிவிட்டது.

அக்டோபர் 21

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் பொள்ளாச்சி போயிருந்தேன். டிவியில் தமிழ் டப்பிங்கில் மூன்றாவது படம் ஓடிக்கொண்டிருந்தது. பலகாரத் தட்டோடு உட்கார்ந்த அக்கா பெண் பாதியில் கேட்டாள்: "சித்தி, இந்த ரான் எதுக்குமே ஆகமாட்டானா?"

இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. உடைந்த காலோடு ஹாரியின் நண்பன் ரான் கிடக்கிறான். எதிரே கொலைகாரன் என்று எல்லாரும் நம்புகிற சிரியஸ். புத்தகத்தில், எழுந்து நிற்கவே தள்ளாடும் அந்தப் பையன், வலியில் முகம் வெளுத்துப்போய், ஹாரியைக் கொல்லணும் என்றால் எங்களையும் கொல்லவேண்டியிருக்கும் என்று சொல்கிறான். படத்தில் அந்த வசனம் ஹெர்மயனிக்குப் போய்விட்டது. ரான் கட்டிலில் முனகிக்கொண்டிருக்கிறான். அதே புத்தகத்தில், வகுப்பில் ஸ்நேப் ஹெர்மயனியை எல்லாம் தெரிந்த அதிகப்பிரசங்கி என்று கேவலப்படுத்தும்போது, ரான் எதிர்த்துப் பேசித் தண்டனை வாங்குகிறான். படத்தில் "அவர் சொல்றதும் சரிதானே" என்று ஹாரியின் காதில் சொல்கிறான்.

க்ளோவ்ஸ் தனக்கு மிகப் பிடித்த பாத்திரம் ஹெர்மயனி என்று வெளிப்படையாகவே சொன்னவர். பிடித்த பிள்ளைக்கு நல்ல வசனமெல்லாம் போய்விட்டது. இதனால் ஹெர்மயனிக்கும் நஷ்டம்தான். புத்தக ஹெர்மயனி பதறுவாள், அழுவாள், விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள். முதல் புத்தகத்தில் சுற்றி வளைக்கும் கொடியில் மாட்டும்போது, நெருப்பு மூட்ட விறகு இல்லையே என்று தவிக்கிறாள், நீ சூனியக்காரியா இல்லையா என்று ரான்தான் கத்துகிறான். மூன்று பேரும் ஒருவர் குறையை ஒருவர் நிரப்புவதுதான் அந்த நட்பு. படத்தில் ஒருத்திக்குக் குறையே இல்லை, ஒருவனுக்கு நிறையே இல்லை. அப்புறம் ஏழாவது கதையில் ரான் கோபித்துக்கொண்டு கூடாரத்தை விட்டுப் போகும்போது நமக்கு வலிக்கவேண்டிய அளவுக்கு வலிக்கமாட்டேன் என்கிறது.

அக்கா பெண்ணிடம் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "அப்ப இது வேற ரான்" என்றாள்.

அக்டோபர் 21, பிறகு

டம்பிள்டோர் மாறிப்போனதைக் கேட்ட மூணாறு தம்பிக்கு: ஆமாம், அதுவும் உண்மை. நாலாவது படத்தில் தலைமையாசிரியர் டம்பிள்டோர் பாய்ந்து வந்து ஹாரியைப் பிடித்து உலுக்கி, போட்டிக்குப் பேர் போட்டாயா என்று கேட்கிறார். புத்தகத்தில் அமைதியாகக் கேட்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. முதல் இரண்டு படத்தில் டம்பிள்டோராக இருந்த ரிச்சர்ட் ஹாரிஸ் 2002 அக்டோபரில் காலமானார், மைக்கேல் கேம்பன் வந்தார். ஆள் மாறியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உலுக்கலை நானும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அக்டோபர் 25

நாலாவது படம். இரண்டு படமாக எடுக்கலாமா என்று யோசித்து, ஒன்றாகவே முடித்தார்கள். மைக் நியூவெல் அதை ஒரு துப்பறியும் கதையாக ஓட்டினார். மந்திரவாதிகளின் உலகக் கோப்பை ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே கட். வின்கி என்ற எல்ஃப் இல்லை, லூடோ பேக்மன் என்ற அதிகாரி இல்லை, மந்திரக் குடும்பங்களுக்கு அடிமை வேலை செய்யும் அந்த எல்ஃப்களுக்காக ஹெர்மயனி நடத்தும் சங்கம் இல்லை.

ஒரு மாற்றத்தை மட்டும் கைதட்டிப் பாராட்டணும். ஏரிக்கடியில் மூச்சுவிட உதவும் செடியைப் புத்தகத்தில் கொண்டுவந்து கொடுப்பவன் டாபி என்ற எல்ஃப். படத்தில் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில். இது சும்மா வந்த மாற்றம் இல்லை. புத்தகத்திலேயே, மூடி என்ற வாத்தியார் வேஷத்தில் இருக்கும் வில்லன் நெவிலிடம் தாவரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து வைத்து, ஹாரி போய் நெவிலைக் கேட்பான் என்று காத்திருந்தான். ஹாரி கேட்கவே இல்லை. படம் அந்தத் திட்டத்தை நடக்கவிட்டுவிட்டது. புத்தகத்தை நன்றாகப் படித்தவன் செய்கிற வேலை இது.

ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. டாபி 2002இல் இரண்டாவது படத்தில் வந்தவன், அடுத்து வருவது 2010இல். நடுவில் எட்டு வருஷம் ஆளே இல்லை. புத்தகத்தில் நாலு, ஐந்து, ஆறு எல்லாவற்றிலும் இருக்கிறான். சம்பளம் கேட்டு வேலை தேடுகிறான், ஹெர்மயனி பின்னிய தொப்பிகளை அடுக்கடுக்காகத் தலையில் போட்டுக்கொண்டு திரிகிறான். அவன் சாகும்போது நாம் இழப்பது ஆறு வருஷம் கூட வாழ்ந்த ஒருவனை.

அக்டோபர் 26

குமுளி தங்கச்சி எழுதியிருக்கிறாள்: "ஆனா டீச்சரக்கா, படத்துல டாபி சாகறப்ப எங்க வீட்ல எல்லாரும் அழுதோமே?"

நானும்தான் அழுதேன் தங்கச்சி. யோசித்துப் பார்த்தால், அந்த இடத்தில் யேட்ஸ் செய்தது ஒரே ஒரு காரியம், அவசரப்படவில்லை. கடற்கரை, மணல், மந்திரம் வேண்டாம், கையாலேயே குழி தோண்டுகிறேன் என்று ஹாரி சொல்வது. அது புத்தகத்திலிருந்து அப்படியே வந்தது. முன்கதை இல்லாமலும் ஒரு சாவு நெஞ்சில் தைக்கும் என்பதற்கு அது சாட்சி. என் வாதத்துக்கு இடைஞ்சலான சாட்சிதான், ஆனாலும் உண்மையை உண்மை என்றுதான் சொல்லணும். முன்கதையும் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதுதான் என் ஏக்கம்.

நவம்பர் 1

இன்று சனிக்கிழமை, கேரளப் பிறவி நாள். காலையில் நிகழ்ச்சி முடிந்து ஊர் வாசகசாலைக்குப் போனேன். 1945இல் பி.என். பணிக்கர் முன்னின்று ஆரம்பித்த கிரந்தசாலா சங்கம் கேரளத்தில் மூலை முடுக்கெல்லாம் பரப்பிய நூலகங்களின் தொடர்ச்சிதான் இதுவும். மலையாள அலமாரி நாலு, தமிழ் ஒன்று, ஆங்கிலம் அரை. அந்த அரையில்தான் ஐந்தாவது புத்தகம் இருக்கிறது, முதுகு பிய்ந்து, பழுப்பு டேப் ஒட்டி. எடுத்து வந்து 23ஆம் அத்தியாயத்தை மறுபடியும் படித்தேன்.

கிறிஸ்துமஸ் சமயம். ஆஸ்பத்திரியில் ஒரு மூடிய வார்டு. ஹாரியும் கூட்டாளிகளும் தற்செயலாக அங்கே போகிறார்கள். உள்ளே நெவில் தன் பாட்டியோடு. சித்திரவதையில் புத்தி பேதலித்துப்போன அவன் அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருக்கிறார்கள், இதை நெவில் யாரிடமும் சொன்னதில்லை. தலைமுடி நரைத்து, முகம் வற்றிய அந்த அம்மா, கூச்சத்தோடு மெல்ல நடந்து வந்து மகன் கையில் எதையோ வைக்கிறாள். பபிள்கம் சுற்றிய வெறும் காகிதம். "தேங்க்ஸ் மா" என்கிறான் நெவில். பாட்டி அதைக் குப்பைத்தொட்டியில் போடச் சொல்கிறாள், இதுவரை கொடுத்ததை வைத்து உன் ரூம் சுவர் முழுக்க ஒட்டியிருக்கலாம் என்கிறாள். கிளம்பும்போது நெவில் அந்தக் காகிதத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வதை ஹாரி பார்த்துவிடுகிறான். அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வரி விளக்கம் கிடையாது.

இதை நான் வகுப்பில் சொன்னபோது பெஞ்சில் ஒரு சத்தம் வரவில்லை. ஒரு பெண் பிள்ளை மட்டும், "அவன் ஒண்ணைக் கூடத் தூக்கிப் போட்டிருக்கமாட்டானுங்க டீச்சர்" என்றாள்.

படத்தில் இது இல்லை. ஒரு பழைய போட்டோவைக் காட்டி நெவில் தன் அப்பா அம்மாவுக்கு நடந்ததை நாலு வரியில் சொல்கிறான். நன்றாகத்தான் நடித்திருக்கிறான் அந்தப் பையன். ஆனால் தகவல் வந்து சேர்ந்ததே தவிர, அம்மா வந்து சேரவில்லை. ஹாரியைப் போலவே ஜூலைக் கடைசியில் பிறந்த இன்னொரு குழந்தை நெவில் என்பதும், கதையின் பெரிய வில்லன் வோல்டமார்ட்டை வீழ்த்துபவனைப் பற்றிய தீர்க்கதரிசனம் அவனையும் குறித்திருக்கலாம் என்பதும் படத்தில் இல்லவே இல்லை. கடைசியில் வோல்டமார்ட்டின் பாம்பின் தலையை அவன் வெட்டுவதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

நவம்பர் 2

என் வாதத்துக்குப் பெரிய ஆதாரம் ஐந்தாவது படத்தில்தான் இருக்கிறது. கோல்டன்பர்க் திரைக்கதையில் க்ரீச்சர் என்ற எல்ஃபைத் தூக்கிவிட நினைத்தார்கள். ரௌலிங் பார்த்துவிட்டு, அவனை எடுக்காதீர்கள், எடுத்தால் பின்னால் ஏழாவதில் சிக்கிக்கொள்வீர்கள் என்கிற மாதிரி எச்சரித்தார். வைத்தார்கள். ஏழாவதில் லாக்கெட்டின் கதையே க்ரீச்சர் வழியாகத்தான் வருகிறது. ஒரு எல்ஃபுக்கு எச்சரிக்கை கிடைத்தது, கண்ணாடிக்குக் கிடைக்கவில்லை. அதே புத்தகத்தில் சிரியஸ், ஹாரிக்கு ஒரு ஜோடிக் கண்ணாடியில் ஒன்றைக் கொடுக்கிறார், எங்கிருந்தாலும் முகம் பார்த்துப் பேசலாம் என்று. படத்தில் இல்லை. ஏழாவது புத்தகத்தை இரண்டாகப் பிரித்து எடுத்த படத்தின் முதல் பாகத்தில் ஹாரியின் கையில் திடீரென்று ஒரு கண்ணாடித் துண்டு. அதில் ஒரு நீலக் கண். "அது எங்கிருந்துங் டீச்சர் வந்துச்சு?" என்று எங்கள் வகுப்பே கேட்டது. ரானின் அண்ணன் பில் வீஸ்லி அந்தப் படத்தில்தான் வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார், அதே படத்தில் அவருக்குக் கல்யாணமும் ஆகிவிடுகிறது.

நவம்பர் 8

செங்கோட்டை அண்ணன் நல்ல கேள்வி போட்டிருக்கிறார்: "கதை முடிஞ்சிருந்தா எல்லாம் சரியா வந்திருக்குமா? பொன்னியின் செல்வன் 1954லயே முடிஞ்சுபோச்சு. 2022லயும் 2023லயும் ரெண்டு படமா வந்ததுல மணிமேகலையே இல்லையேம்மா?"

சரிதான் அண்ணா, இதை இரண்டு நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். மணிமேகலை இல்லை. சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகன் என்ற பெரிய திருப்பமும் இல்லை. ஆனால் அங்கே வெட்டியவருக்கு ஐந்து பாகமும் கண்முன்னே இருந்தன. எதை இழக்கிறோம் என்று தெரிந்தே இழந்தார். பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், சண்டை போடலாம், எங்கள் வீட்டில் போட்டோம். ஹாரி பாட்டரில் முதல் ஐந்துக்கு அந்த வசதி இல்லை. தெரிந்து விடுவது வேறு, தெரியாமல் விடுவது வேறு.

ஆனால் உங்கள் கேள்வி என்னை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. ஆறாவது படத்தின் படப்பிடிப்பு 2007 செப்டம்பரில் தொடங்கியது. அதாவது கடைசிப் புத்தகம் வந்த பிறகு. அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

நவம்பர் 9

அதனால்தான் ஆறாவது படத்தின் மேல் எனக்கு உண்மையான வருத்தம். அந்தப் புத்தகத்தின் உயிரே டம்பிள்டோரும் ஹாரியும் சேர்ந்து பார்க்கும் நினைவுகள். வோல்டமார்ட்டின் அம்மா மெரோப், அந்தப் பாழடைந்த கான்ட் வீடு, அப்பன் கையில் அவள் படும் பாடு, ஹெப்ஸிபா ஸ்மித் என்ற பணக்காரக் கிழவி ஆசையாக எடுத்துக் காட்டும் கோப்பையும் லாக்கெட்டும். அந்தக் கோப்பையைப் பார்க்கும்போது இளைஞன் டாம் ரிடிலின் (வோல்டமார்ட்டின் சொந்தப் பேர்) கண்ணில் வரும் பேராசை. படத்தில் அனாதை இல்ல நினைவும் ஸ்லக்ஹார்ன் என்ற வாத்தியாரின் நினைவும் மட்டும். மீதி நேரத்துக்கு வீஸ்லி வீட்டைக் கொளுத்துகிறார்கள். புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. அடுத்த படத்தில் கல்யாணத்துக்கு அதே வீடு நிற்கிறது, எரிந்ததைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

இதன் பலன் என்ன தெரியுமா? புத்தக ஹாரிக்குக் கோப்பை எப்படி இருக்கும் என்று தெரியும், பார்த்திருக்கிறான். பட ஹாரிக்குத் தெரியாது. அதனால் கடைசிப் படத்தில் ஹார்க்ரக்ஸ், அதாவது அந்தக் கோப்பை மாதிரி வோல்டமார்ட் தன் ஆத்மாத் துண்டை ஒளித்துவைத்த பொருள், பக்கத்தில் வந்தாலே அவனுக்கு ஏதோ கேட்கிறது, உடம்பே உணர்ந்துவிடுகிறது. துப்பறிந்து கண்டுபிடிக்கவேண்டிய பையனை மோப்பம் பிடிக்கிறவனாக ஆக்கிவிட்டார்கள்.

ப்ரூனோ டெல்போனெலின் ஒளிப்பதிவு அற்புதம், ஆஸ்கருக்கே பரிந்துரையானது. காதல் காட்சிகளும் கலகலப்பாகத்தான் இருந்தன. கதை தெரிந்தும் அதன் எலும்பை உருவினார்கள் என்பதை அது ஈடுகட்டாது.

நவம்பர் 15

கல்பாத்தித் தேர் கூட்டத்தில் போய்விட்டு வந்து எழுதுகிறேன், கால் வலிக்கிறது. வாளையாறு அண்ணனும் வந்திருந்தார், அக்ரஹாரத்து முனையில் நின்று இதே பேச்சுதான். "எல்லாத்தையும் குறை சொல்றியே அம்மிணி, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரு நூல் கூட அறாம வரலையா?" என்றார்.

வந்தது அண்ணா, ஸ்நேப். ஏன் என்று பாருங்கள். ஆலன் ரிக்மனுக்கு மட்டும் ரௌலிங் ஆரம்பத்திலேயே ஒரு ரகசியத் துணுக்கைச் சொல்லியிருந்தார். முழுக் கதையும் இல்லை, அந்த மனிதனை எது இயக்குகிறது என்பதற்கான ஒரு சாவி. புத்தகம் முடியவில்லை, டைரக்டர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் அந்த ஒருவர் மட்டும் எங்கே போகிறோம் என்று தெரிந்து நடந்தார். மூன்றாவது படத்தில் ஓநாயாக மாறிய லூப்பின் பாய வரும்போது, ஸ்நேப் பிள்ளைகள் மூவருக்கும் முன்னால் கையை விரித்து நிற்கிறார். புத்தகத்தில் அந்த நேரம் ஸ்நேப் மயக்கத்தில் கிடக்கிறார். இது படத்தின் சேர்க்கை. ஆனால் ஏழாவது புத்தகத்தைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்தச் சேர்க்கை அப்படியே பொருந்துகிறது.

கடைசியில் ஹாரியின் அம்மா லில்லியின் உடலை ஸ்நேப் மடியில் வைத்துக்கொண்டு அழுவதும் புத்தகத்தில் இல்லை. அதுவும் எனக்குச் சம்மதம். அதே மாதிரி, ரான் போன பிறகு கூடாரத்தில் ஹாரியும் ஹெர்மயனியும் ரேடியோ பாட்டுக்கு ஆடுவது. புத்தகத்தில் அங்கே இருப்பது நாள்கணக்கான மௌனம். மௌனத்தைப் படத்தில் எவ்வளவு நேரம் காட்டமுடியும்? இரண்டு பிள்ளைகள் அரைமனதாகச் சிரித்து, பாட்டு முடிந்ததும் மறுபடி தனியாகிவிடுகிறார்கள். புத்தகத்தின் வரியை விட்டுவிட்டு அதன் மனசை எடுத்துக்கொண்ட சீன் அது.

நவம்பர் 16

முடிவைப் பற்றிப் பேசாமல் இந்த இழையை விடமாட்டேன்.

புத்தகத்தில் வோல்டமார்ட் சாவது பெரிய மண்டபத்தில், அத்தனை பேர் கண்முன்னே. இருவரும் வட்டமாகச் சுற்றி வருகிறார்கள். ஹாரி அவனை டாம் ரிடில் என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். செய்ததற்கு வருந்த முயற்சி செய்து பார் என்று கடைசி வாய்ப்பும் கொடுக்கிறான். அப்புறம் ஒரே மோதல், விழுகிறான். சாதாரண மனுஷப் பிணமாகத் தரையில் கிடக்கிறான். அவனை எடுத்து வேறொரு அறையில், மற்றவர்களிடமிருந்து தள்ளிக் கிடத்துகிறார்கள். சாவுக்குப் பயந்து ஆத்மாவை ஏழு துண்டாக்கியவன் எல்லாரையும் போலவே செத்துக்கிடக்கிறான் என்பதை ஊரே பார்க்கணும். ஏழு புத்தகமும் வந்து சேரும் இடம் அது.

படத்தில் முற்றத்தில் இரண்டு பேர் மட்டும். சாம்பல் செதிலாக உதிர்ந்து காற்றில் போகிறான். பிணம் இல்லை, பார்த்தவர் இல்லை. பாலக்காட்டுத் தியேட்டரில் பார்த்தபோது பக்கத்து சீட்டுக்காரர் என்னிடம், "செத்துட்டானா, தப்பிச்சுட்டானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மந்திரக்கோலும் அப்படித்தான். புத்தகத்தில் ஹாரி வோல்டமார்ட்டிடமிருந்து வந்த சக்திவாய்ந்த கோலைக் கொண்டு தன் உடைந்த பழைய கோலை ஒட்டவைத்துக்கொள்கிறான், அப்புறம் அதை டம்பிள்டோரின் கல்லறையிலேயே வைத்துவிட முடிவு செய்கிறான். படத்தில் உடைத்துப் பள்ளத்தில் எறிகிறான். பார்க்க வேகமாக இருக்கிறது. ஆனால் பதினொரு வயசில் கடையில் அவனைத் தேர்ந்தெடுத்த அவனுடைய சொந்தக் கோல் உடைந்தது உடைந்தபடியே போயிற்று. வார்ம்டெய்லின் கதையும் பாதியில் நிற்கிறது. மூன்றாவது கதையில் ஹாரி அவன் உயிரைக் காப்பாற்றினான். ஏழாவது புத்தகத்தில் அதை ஹாரி நினைவுபடுத்த, ஒரு நொடி தயங்குகிறான், அந்தத் தயக்கத்துக்காகவே அவனுடைய வெள்ளிக் கை அவன் கழுத்தையே நெரிக்கிறது. படத்தில் டாபி அடித்துச் சாய்க்கிறான், அதோடு சரி. 2010இல் இது தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

நவம்பர் 22

குமுளி தங்கச்சி கேட்டது: ஹெச்பிஓ புதிதாகத் தொடராக எடுக்கிறதே, ஜூலையில் லீவ்ஸ்டனில் படப்பிடிப்பும் தொடங்கிவிட்டதே, பையனுக்குப் பழைய படங்களைக் காட்டவா, காத்திருக்கவா?

காத்திருக்காதே தங்கச்சி. அது பத்து வருஷத்துத் திட்டம் என்று 2023இலேயே சொல்லிவிட்டார்கள், உன் பையன் காலேஜுக்குப் போய்விடுவான். முதல் இரண்டு படத்தைத் தாராளமாகக் காட்டு. மூன்றாவதுக்கு முன்னால் புத்தகத்தைப் படிக்க வை, அல்லது அந்த நாலு நண்பர்கள் கதையை நீயே இரவில் சொல்லிவிடு, அப்புறம் கலைமானைப் பார்க்கட்டும். நாலாவது படம் எப்படிப் பார்த்தாலும் ஓடும். ஐந்தாவதும் ஆறாவதும் கட்டாயம் புத்தகம்தான் முதலில். ஆங்கிலம் கடினமாக இருந்தால் அத்தியாயம் அத்தியாயமாக நீ படித்துச் சொல், நான் அப்படித்தான் செய்கிறேன்.

புதுத் தொடர் வந்தால் நான் முதலில் தேடப்போவது மூன்றைத்தான்: சிரியஸின் கண்ணாடி, கான்ட் வீடு, நெவிலின் அம்மா. இந்தத் தடவை எழுதுகிறவர்கள் முன்னால் ஏழு புத்தகமும் இருக்கின்றன. விட்டால், தெரிந்துதான் விட்டார்கள் என்று அப்போது சண்டைக்கு வருவேன்.